நீல நூல் கிடந்த பக்கம்

12 ஜனவரி 1983, புதன்

மஃரிபு வாங்கு கேட்டதும், இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்த பழைய ஆங்கில நாவலை மேசையில் விரித்தபடியே விட்டுவிட்டுத் தொழப் போனேன். ஆளில்லாத மாளிகையில் யாரோ படியேறி வரும் இடம். திரும்பி வந்து பார்த்தால் புத்தகம் பதினொரு பக்கம் தள்ளி விரிந்திருந்தது. நடுவில் அடையாளத்துக்கு வைத்ததுபோல் ஒரு நீல நூல். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தேன். எங்கள் தறியில் ஒரு மாதமாக ஓடுவது வெள்ளை நூல்தான்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் தெரியாத உம்மாவிடம் கேட்டேன்.

"நான் தொடல்ல மகள். ஓதினா மூடி வெக்கணும் எண்டு எத்தின தரம் செல்லிருக்கன்? விரிச்சுப் போட்டா செய்த்தான் வந்து ஓதுவான்."

"அது குர்ஆனுக்குச் செல்றது உம்மா. இது இங்கிலீசுக் கதை."

"அவனுக்கு எல்லாப் பாசையும் தெரியும். நாளைக்கே கொண்டு போய்க் குடுத்திரு."

கொடுக்க மனமில்லை. இத்தனை அழகான ஆங்கிலத்தை நான் வாசித்ததில்லை. அந்தப் பதினொரு பக்கத்தையும் வாசித்துவிட்டேன். படியேறி வந்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை.

இப்போது புத்தகத்தை மூடி, மேலே அகராதியைப் பாரம் வைத்திருக்கிறேன். நூலை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால், தான் விட்ட இடம் எது என்று என்னை எழுப்பிக் கேட்பானோ.