அறுபதுக்குச் செய்த மோட்டார்

பிப்ரவரி 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசையை இரண்டு இசைத்தட்டு மெஷின்கள் பிடித்துக்கொண்டன. தட்டுக் கடைக்காரர் இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார். "பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க சார்," என்று கிண்டல் வேறு. யோசிக்காமல் எப்படி? அப்பாவின் குரல் இருக்கும் தட்டு ஒன்றே ஒன்று. மேல்பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை ஊசி வைக்கலாம். அதற்குள் கம்ப்யூட்டரில் நல்ல நகல் எடுத்துவிட வேண்டும். அக்காவுக்கு எழுபது ஆகிறது. "ஒரு தடவை கேக்கணும்டா," என்று போன வாரம்தான் வாய் திறந்து கேட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

முதல் மெஷினில் மோட்டார் சுழல்மேடைக்கு நேர் அடியிலேயே இருக்கிறது. மோட்டாரின் அச்சுதான் மேடையின் அச்சு. உள்ளே ஒரு படிகம் நொடிக்கு நொடி வேகத்தைச் சரிபார்க்கிறது. துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்னைத் தானே அதட்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவதில் மோட்டார் ஓரமாக, தனியாக நிற்கிறது. ஒரு பெல்ட் ஒன்பது கிலோ மேடையைச் சுற்றுகிறது. சுவரிலிருந்து வரும் கரண்ட் அந்த மோட்டாரைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு பெட்டி. அது கரண்டை வாங்கி, நேர்மின்சாரமாக்கி, பிறகு தானே புதிதாக ஓர் அலையை உண்டாக்கி அனுப்புகிறது. நொடிக்கு எத்தனை சுழற்சி என்பதைப் பட்டனால் கூட்டலாம், குறைக்கலாம்.

மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்துநாலு வருடம் எனக்கு இருந்த வேலை, கரண்டின் முள் நொடிக்கு ஐம்பது சுழற்சியைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையை இந்தக் குட்டிப் பெட்டி தனியாகச் செய்கிறது! கனமான மேடையும் எங்கள் டர்பைன் மாதிரிதான். ஓட ஆரம்பித்துவிட்டால் சின்ன விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்கொள்ளாது. பியானோவின் நீண்ட ஸ்வரம் இரண்டிலும் நடுங்கவில்லை. இரண்டாவதில் அது அடங்கும் விதம் பிடித்திருந்தது.

பிப்ரவரி 6

மனைவியின் தீர்ப்பு: "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. மேசையைக் காலி பண்ணுங்க."

பிப்ரவரி 8, ஞாயிறு

பெல்ட் மெஷின்தான். நாளை தட்டை வைக்கப்போகிறேன்.

எனக்கு ஒரு வயது இருக்கும்போது அப்பா ஒரு ஸ்டூடியோவில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்த தட்டு. அதே வருடம் விபத்தில் போய்விட்டார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, நாடு விட்டு நாடு, மாமா வீட்டுக்கு வந்தாள். கூடவே எங்கள் பழைய மெஷினும், அதற்கு வோல்ட்டைக் குறைக்க மாமா வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரும். வந்த அன்று தட்டைப் போட்டிருக்கிறாள். அரை நிமிடம் கேட்டு, "இது அவரு இல்ல," என்று எடுத்து வைத்துவிட்டாளாம். அக்கா எழுந்து ஓடிவிட்டாள். துக்கம், பாவம் என்றார் மாமா. அதன்பின் அம்மாவும் அக்காவும் கேட்கவே இல்லை.

நான்தான் கேட்டேன். பத்து வயதிலிருந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது. வேறு மெஷினில் வைக்கத் துணிந்ததில்லை. கனத்த, நிதானமான குரல். கடைசியில் "பையா, நல்லா இருடா" என்று சொல்லிவிட்டு விம்முவார். நானும் கூடவே அழுவேன். அவரைப் போலவே பேசிப் பழகினேன். கட்டுப்பாட்டு அறையில் எனக்கு 'நிதானம்' என்றே பட்டப்பெயர். எல்லாரும் கத்தும்போது நான் அப்பாவின் குரலில் உத்தரவு கொடுப்பேன். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

பிப்ரவரி 9

யார் இது? எவனோ ஒருத்தன் படபடன்னு பேசறான். மெல்லிசு குரல் — என்ன அவசரம் இவனுக்கு? கடைசியில் அழவே இல்லை. சிரிக்கிறான்!

கடைக்காரரிடம் போனில் கத்தினேன். "உங்க மெஷின் தறிகெட்டு ஓடுது!" அவர் பதறவே இல்லை. "வேகம் அளக்குற டெஸ்ட் தட்டு போட்டுப் பாருங்க சார். அப்படியே உங்க பழசையும் அளந்துடுங்க."

பிப்ரவரி 10

புதியது: நிமிடத்துக்கு 33.33 சுற்று. பழையது: 27.8.

கவிழ்த்துப் பார்த்தேன். மோட்டாரின் தகட்டில் 60 என்று அடித்திருக்கிறது. அந்த நாட்டுக் கரண்ட் அறுபது சுழற்சி. இங்கே ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. இந்த வகை மோட்டார் சுழற்சிக்கு மட்டும்தான் கட்டுப்படும். ஐந்து நிமிடப் பேச்சு எனக்கு மட்டும் ஆறு நிமிடமாக ஓடியிருக்கிறது. மெதுவானதில் குரல் கனத்து, சிரிப்பு விம்மலாகியிருக்கிறது.

முப்பத்துநாலு வருடம் ஐம்பதுக்குக் காவல் இருந்தவன் வீட்டு மெஷினைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அம்மா துக்கத்தில் உளறவில்லை. அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவளை ஒருவரும் நம்பவில்லையே.

பிப்ரவரி 11

சாப்பிடப் பிடிக்கவில்லை. அழாத மனிதரோடு சேர்ந்து ஐம்பது வருடம் அழுதிருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வந்தாள். அன்றைக்குத் தட்டிலிருந்து எடுத்த நகலைப் போட்டேன். முதல் வார்த்தையிலேயே "அப்பா!" என்று கத்திவிட்டாள்.

"இப்படித்தான்டா, ரயிலைப் பிடிக்கப் போற மாதிரியே பேசுவார். மூச்சு விட்டுப் பேசுங்கன்னு அம்மா திட்டுவா." கடைசிச் சிரிப்பு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க எல்லாரும் அங்கதான் இருந்தோம். நீ என் மடியில. எட்டி மைக்கைப் பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டே. அதுக்குத்தான் சிரிக்கிறார்."

மூன்று முறை கேட்டாள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. பொறாமை, வேறென்ன? மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாமல் உளறிவிட்டேன்: "உனக்கு அப்பா கிடைச்சுட்டார்க்கா. எனக்குப் போயிட்டார்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 17

ஒரு மெஷின் கடைக்குத் திரும்பிப் போயிற்று. மற்றதை வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

காலையில் அக்காவின் போன். "உன்கிட்ட ஒருத்தர் மெதுவா பேசிக்கிட்டிருந்தாரே, அவரையும் எனக்கு அனுப்புடா."

"எதுக்குக்கா? அது தப்பான வேகம்."

"உன்னை வளர்த்தவராச்சே. நான் பார்த்ததே இல்லையே."

நகலைக் கம்ப்யூட்டரில் சரியாக ஆறில் ஐந்தாக மெதுவாக்கி அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"ரொம்ப நல்ல மனுஷனா இருக்கார்டா," என்றாள்.