உதிர்ந்தால்தான் சரி

அன்புள்ள பானுமதிக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

போன வாரம் துபாய் தேராவில் இருக்கும் எங்கள் பேக்கரிக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. மணப்பெண் மெக்சிகோக்காரி. அவர்கள் கல்யாணத்தில் போல்வொரோன் என்ற பிஸ்கட் வைப்பார்களாம்; முந்நூறு கேட்டார்கள். அங்கே பன்றிக் கொழுப்பில் செய்வதை நான் நெய்யில் பிசைந்தேன். தட்டிலிருந்து எடுத்ததும் பாதி உதிர்ந்துவிட்டது.

"கலாஸ் பாய், எல்லாம் போச்சு! நாளையிலிருந்து நீ பாத்திரம் கழுவு," என்று சூப்பர்வைசர் கத்தினார். பயப்படாதே, மீதியைப் படி.

அந்த நேரம் பெண்ணின் அம்மா வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "போல்வோ என்றால் எங்கள் பாஷையில் தூள். உதிராவிட்டால்தான் தப்பு!" என்றார். அரபுக்காரர்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோன பலகாரம் அங்கிருந்து கப்பலேறித் தங்கள் நாட்டுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்களாம். காகிதத்தில் சுற்றி உள்ளங்கையில் ஒரு அழுத்து அழுத்தினால் பிரிக்கும்போது உதிராது என்றும் காட்டினார். உதிர்ந்ததற்குப் பதில் வேறு செய்து, முந்நூறையும் அப்படியே சுற்றிக் கொடுத்தோம். இப்போது ஓவன் என் பொறுப்பில்!

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழன் சேதுபதி இங்கே திரும்புவதற்குள், நம் மகள் தன்யாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அவனிடம் கொடுத்தனுப்பு. ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்
அருள்முருகன்