முட்டை போடும் நொண்டி

மருமகளே,

இந்தச் சீட்டை மாவு டப்பாவுக்குள் வைக்கிறேன். உன் புருஷன் ஆயுசுக்கும் அதைத் திறக்கமாட்டான். என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வண்டி கூப்பிடப் போயிருக்கிறான். வலது காலை முழங்காலோடு எடுத்துவிடுவார்களாம்.

நம் நொண்டிக் கோழிக்குத் தண்ணீரை அலகுக்கு எட்டும்படி வை. பகலில் இரண்டு தடவை புரட்டிப் படுக்கவை. இல்லாவிட்டால் நெஞ்சு புண்ணாகிவிடும். அதன் காலைக் கவ்விய நம் நாய்க்கு அன்றிலிருந்து நான் சைவச் சோறுதான் போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும்.

"முட்டை நின்ன அன்னைக்கே சட்டிதான்ப்பா" என்று அவன் கத்தியதும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று: அது முட்டை போட்டு இரண்டு வருஷமாகிறது. கடை முட்டையை வாங்கித் தினமும் நான்தான் கூண்டில் வைத்துவந்தேன்.

போன வாரம் மூன்று நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று நாளும் முட்டை இருந்தது. "உங்க கோழி கெட்டிக்காரி மாமா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய். நல்லா இரும்மா.

மாமா

மறந்துவிட்டேன்: முட்டை மேல் இருக்கும் கடை முத்திரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வை. நேற்று நீ வைத்ததில் இருந்ததை அவன் வருவதற்குள் நான் எச்சில் தொட்டு அழித்தேன்.

இன்னொன்று. ஒற்றைக் காலோடு திரும்பி வந்தால் நானும் முட்டை போடமாட்டேன். அதை அவனிடம் பக்குவமாகச் சொல்லிவை.