ஹோஞ்சோ சலூனை மிதித்தவன்

1967 ஏப்ரல் 11, செவ்வாய்

இன்று தோக்கியோவை நான்காவது முறையாக அழித்தேன். நாற்பத்தேழு வயதில் இந்தச் சாதனை உலகத்தில் என் ஒருவனுக்குத்தான். ராட்சதப் பல்லியின் ரப்பர் உடையைக் கழற்றிக் காலணியைக் கவிழ்த்தால் இரண்டு வாளி வியர்வை. தோக்கியோ குடாவே ஒரு சாண் உயர்ந்திருக்கும்!

நான் மிதிப்பதற்கென்றே குட்டிக் கட்டடங்கள் செய்கிற கஜிதானி, வெள்ளிக்கிழமைப் படப்பிடிப்புக்கு ஒரு சலூன் செய்கிறான். முழங்கால் உயரம். உள்ளே கண்ணாடி, நாற்காலி, நக அளவில் நாள்காட்டி.

"எவன்டா உள்ள எட்டிப் பாக்கப் போறான்?" என்றேன்.

"எங்கம்மா கடைடா. தோக்கியோ ஹோஞ்சோ பேட்டைல இருந்துச்சு. போர்ல குண்டு போட்டப்ப எரிஞ்சுபோச்சு, ஒரு போட்டோகூட மிஞ்சல. நானும் அக்காவும்தான் மிச்சம். டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன், கடைசில புகை விலகறப்ப இது மட்டும் நிக்கும். அக்கா நீகாத்தா ஊர்ல இருந்து டிவில பாப்பா. கடை இடது பக்கம், நீ வலது பக்கத்தோட நிறுத்திக்க, என்ன?"

"உத்தரவு, மன்னா!"

ஏப்ரல் 14

மிதித்துவிட்டேன்.

ஏப்ரல் 15

தூக்கமில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நகரத்தை ஒரு தடவைதான் இடிக்க முடியும். நான்கு கேமராக்கள் ஓடின. வலது பக்கத்தை முடித்துவிட்டேன். அங்கேயே நின்றிருக்கலாம். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் மொத்தக் கூடமும் கைதட்டும் என்று ஆசை — ஒற்றைக் காலில் சுழன்றேன். மற்றக் கால் சலூன் மேல் இறங்கியது.

"உள்ளருந்து ஒண்ணும் தெரியலப்பா" என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பல்லியின் கழுத்தில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான் எனக்குக் கண். அதிலும் புகை.

ஆனால் தெரிந்தது. வாசலில் இருந்த கோடுபோட்ட கம்பம்கூடத் தெரிந்தது. தப்பிவிடும் என்று நினைத்தேன். யாருடா உன்னைச் சுத்தச் சொன்னா? படுபாவி.

மறுபடி கட்டி எடுக்க நாளில்லை என்று டைரக்டர் கைவிரித்துவிட்டார். கஜிதானி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். "விட்றா. குருட்டுப் பல்லி நீ என்ன பண்ணுவ" என்றான். அவன் தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

மே 21, ஞாயிறு

ஒளிபரப்பானது. சலூன் ஒரு நொடி நின்றது. பிறகு என் கால்.

மே 24

மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கொண்டுபோகிற மாதிரி இனிப்புப் பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போனேன். 'எனக்குத் தெரிஞ்சுதுடா' என்ற வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"எதுக்குடா இதெல்லாம், நமக்குள்ள?" என்று பெட்டியை வாங்கி வைத்தான்.

"அக்கா என்ன சொன்னா?"

"'அன்னிக்குத் திரும்பிப் பாக்காம ஓடிட்டோம், கடை போனதை இப்பத்தான் பாத்தேன்'னா. போனை வச்சிட்டா."

என் வாக்கியத்தைச் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன். நகரங்களை நடுங்கவைக்கிற மாவீரன்!

ஜூன் 6

அடுத்த மிருகத்தின் உடை வந்தது. கழுத்து ஓட்டைகள் தேநீர்க் கிண்ணம் அளவு இருந்தன. கஜிதானிதான் உடை செய்கிறவர்களோடு மூன்று நாள் மல்லுக்கட்டிப் பெரிதாக்க வைத்தானாம். "இவன் மேல என்னய்யா தப்பு? கண்ணு குடுக்காம நடக்கச் சொன்னா?" என்று சண்டை போட்டானாம்.

போட்டுக்கொண்டேன். எதிரே வந்து நின்று கையை நீட்டினான்.

"எத்தனை விரல்டா?"

"மூணு."

"அப்படிப் போடு! இனிமே உனக்கு எல்லாம் தெரியும்" என்று சிரித்தான்.

அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. உள்ளே கண்ணை மூடிக்கொண்டேன்.