நீங்கள் வாசித்துக் காட்டிய மன்னிப்பு

“உவ நடிகையெல்லோ? ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு வேலையைக் காப்பாத்தியிருக்கலாமே. கேளும் அவவிட்டை.”

என் கணவர் உங்களை வைத்துக்கொண்டே கேட்ட கேள்வி இது. தயங்கித்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. “மேடையில் நான் சொல்வது பொய் என்று சனத்துக்குத் தெரியும். தெரிந்துதான் ரிக்கற் எடுத்து வருகிறார்கள்” என்றீர்கள்.

இன்று கனடாவில் நமது ஸ்காபரோக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் துவைக்கும் அறையின் சூடான துணி மணம் முகத்தில் அடித்ததும் நீங்கள் என் நினைவில் வந்து நின்றீர்கள்.

இலங்கையின் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகனிடம் வந்து சேர்ந்த எங்களுக்கு இங்கே முதலில் பழக்கமானவர் நீங்கள்தான். லெனின்கிராட் மேடையில் முப்பது வருடம் நடித்துவிட்டு நாடுவிட்டு வந்தவர். சிறையிலிருந்த நாடகாசிரிய நண்பரைத் துரோகி என்று வானொலியில் வாசிக்கச் சொன்னார்கள், மறுத்தீர்கள். வேடங்கள் போயின. பழைய படங்களிலும் உங்கள் காட்சிகளுக்குக் கத்தரி வைத்தார்கள். ஓர் உதாரணம் சொல்வீர்கள்: “கதவு திறக்கும். எல்லோரும் எழுந்து சிரிப்பார்கள். உள்ளே யாரும் வரமாட்டார்கள். அது நான்தான்.”

எண்பத்தைந்தின் பனிக்காலத்தில் உங்கள் அக்கா சாகக் கிடந்தார். போய்ப் பார்க்க சோவியத் தூதரகத்தில் அனுமதி கேட்டீர்கள். ‘நான் ஏமாற்றப்பட்டேன், அவன் துரோகிதான்’ என்ற மன்னிப்பை ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தால் அனுமதி தரலாம் என்றார்கள்.

“அக்காவின் முகத்தைப் பார்த்தால் போதும். இதுவும் ஒரு வேடம்தானே” என்று ஆங்கில உச்சரிப்பைத் திருத்த என்னைக் கூப்பிட்டீர்கள். துணி காயும் நேரத்தில் கீழே அந்த அறையில் நின்று வாசித்தீர்கள். கூன் நிமிர்ந்தது. நண்பரின் பெயர் வந்த இடத்தில் ஒரு சின்னத் தயக்கம், பிறகு வெறுப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகிய என் தலை தானாகப் பக்கவாட்டில் ஆடியது. அந்தத் தலையாட்டலை ‘வேண்டாம்’ என்று எடுத்து, ஆரம்பத்தில் எனக்குப் போட்ட தேநீரை எத்தனை தரம் திருப்பிக் கொண்டுபோயிருப்பீர்கள்! அன்று உங்களுக்கு ‘நல்லாயிருக்கு’ என்ற அதன் பொருள் தெரிந்திருந்தது.

வாசிப்பை நிறுத்தினீர்கள். “நம்பிவிட்டீர்களா?”

“ஒரு கணம்... ஓம்.”

“எல்லாம் தெரிந்த நீங்களே நம்பினால், சிறையில் இருக்கிற அந்த நண்பனுடைய மகள் நம்பமாட்டாளா?”

தாளைக் கிழித்து, துணிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போனீர்கள்.

பனி கரையுமுன் அக்கா போய்விட்டார். தொலைபேசியில் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். எங்கள் வரவேற்பறையில் கல்லாக இருந்தீர்கள். அன்று உங்களைப் பகிடி பண்ணிய என் கணவர் தேநீரை உங்கள் கையில் வைத்து, “குடியுங்கோ அக்கா” என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். சொன்னேன். அப்போதுதான் அழுதீர்கள்.

இப்போது அங்கே காலம் மாறுகிறதாம். வெட்டிய காட்சிகளை ஒட்டி உங்கள் படங்களைக் காட்டுகிறார்களாம். போன வருடம் உங்களை இங்கே புதைத்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் நின்றோம்.

நம்மவரும் இப்போது துண்டுப்பிரசுரங்களில் ‘துரோகி’ என்ற சொல்லைத் தாராளமாக எழுதுகிறார்கள். போன கிழமையும் அப்படியொரு தாளில் கையெழுத்துக் கேட்டு ஒருவர் வந்தார். “நீங்கள் படிச்ச ஆக்கள், நீங்கள் வைச்சாத்தான் மற்றவையும் வைப்பினம்” என்றார். வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், நம்பும்படியாக. அதனால்தான் வைக்கவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று. யாரையாவது துரோகி என்கிற தாள் உங்கள் கைக்கு வந்தால், அவருடைய பிள்ளை எதிரே இருப்பதாக நினைத்து, முழுவதையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.