திருச்சி ஒரு மணி நேரம்

ஜூன் 9

அக்கா மகள் கம்சலாவின் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில். சொந்தச் சித்திக்கு, புடவைக் கடைத் தள்ளுபடிக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில். கூடவே புஷ்பம் அக்காவின் குரல்: "கொழும்பு திருச்சி பிளைட் ஒரு மணி நேரந்தான்டி ஜெயந்தி. வந்துரு."

இதே பதுளையில் பிறந்தவள் சொல்கிறாள். ரயிலில் கொழும்புக்கே பத்து மணி நேரம், அப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையம். இருபது வருடம் திருச்சியில் வாழ்ந்ததில் மலை முழுவதும் மறந்துவிட்டதாக்கும்.

ஜூன் 10

வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. சொல்லிவிட்டேன். "ஒரு மணி நேரந்தானேக்கா? வந்து வச்சிட்டுப் போங்க."

"எனக்கு இங்க எவ்வளவு வேலை தெரியுமா?"

எனக்கு வேலையே இல்லை. நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது ஓய்வுதானே.

ஜூன் 12

கடையிலிருந்து வந்ததும் இவர் கேட்டார்: "வெத்திலைக்காக அக்காவ விட்டுருவியா?"

வெற்றிலைக்காகவா? அவள் இந்தப் படியேறிப் பதினொரு வருடம். நான் மூன்று தரம் போய்வந்துவிட்டேன். வெற்றிலை கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

ஜூன் 22

அக்கா வந்துவிட்டாள்! கொழும்புக்கு. சம்பந்தியின் சொந்தங்களுக்கு வெள்ளவத்தையில் பத்திரிகை வைக்கிறாளாம். "நாளைக்கழிச்சு சாயந்திரம் பிளைட்டு. நீ ஒரு எட்டு வந்து வாங்கிக்கோயேன்."

அழைப்பை வாங்க, அழைக்கப்படுகிறவள் பத்து மணி நேரம் போக வேண்டும். புதுச் சம்பிரதாயம். "அப்ப என் பங்கு கல்யாணத்தையும் கொழும்புலயே வச்சிருங்க" என்று போனை வைத்தேன்.

பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

ஜூன் 23

போகவில்லை. கூப்பிடவுமில்லை.

ஜூன் 24

மாலை நாலரைக்கு போன்.

"ஜெயந்தி, ஹாலிஎலயில ரயில் நிக்குதுடி. முன்னால மண்ணு சரிஞ்சிருக்காம். இன்னும் எவ்வளவு தூரம்?"

ரயிலா! அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "பக்கந்தான்க்கா. பிளைட்ல வந்தா ரெண்டு நிமிஷம்."

"நாசமாப் போச்சு பிளைட்டு! ஆட்டோ கொண்டு வாடி."

ஹாலிஎல ஸ்டேஷன் மேடையில் நின்றாள். கால் வீங்கி, தலை கலைந்து, மடியில் வைத்து வந்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவள் ஏறியிருக்க வேண்டிய விமானம் அந்நேரம் கிளம்பிக்கொண்டிருக்கும்.

"புடி. கை விட்டுப்போச்சு."

வெற்றிலை வாடிச் சுருண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வைப்பதுதான் முறை என்று சொல்லலாமா என நினைத்தேன். அதற்குள் அழுது தொலைத்தேன்.

செப்டம்பர் 8

திருச்சி. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி கேட்டாள்: "இலங்கையிலிருந்தா? ஒரு மணி நேரந்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பாய்ந்தாள். "யாரு சொன்னா? எந்தங்கச்சி ரெண்டு நாளா பயணம் பண்ணி வந்திருக்கா!"

ஒன்றரை நாள்தான். கணக்கு டீச்சர், இருந்தும் திருத்தவில்லை.