செய்யாமல் சொல்வதில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே உங்கப்பாவின் முழங்காலும் என் நாக்கும் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுப் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். நாக்கு விஷயத்தைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன், முடியவில்லை, கடிதமே அதற்காகத்தான்.

நீ மறுபடி வேலைக்குப் போகும்போது நான் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு நீ, அம்மா, போனில் உன் முகம் தெரிந்தாலே சோபாவுக்குப் பின்னால் ஓடுகிறாள், பிரெஞ்சு தவிர எதுவும் புரியாது, உன்னிடம் எப்படிம்மா இருப்பாள், காப்பகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றாய். சரி என்றேன். சரியில்லை. மறுநாளே மாடிவீட்டு மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாளில் பிரெஞ்சு வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார். விழித்துக்கொள்கிறேன், முகம் கழுவிக்கொள்கிறேன், தலை வாரிக்கொள்கிறேன். தனக்குத்தானே செய்துகொள்ளும் வினைகள், வீட்டுப் பேச்சில் பாதி இவைதானாம். செய்துகொண்டே சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும் என்றார். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான், உண்மையில்லாத வாக்கியம் வாயில் வராது. கண் திறந்தால் ஜெ மெ ரெவேய். கால் தரையில் பட்டால் ஜெ மெ லேவ். சீப்பு கையில் இருந்தால் ஜெ மெ க்வாஃப். ரேடியோவை அணைத்தாலும் வர்ணனை நிற்கலையே என்று உங்கப்பா முணுமுணுத்தார், இந்த வயசுல உனக்கு எதுக்கு இது, குழந்தை இன்னும் பயந்து ஓடும் என்றார்.

ஜெ மெ ரெபோஸில்தான் சிக்கல். ஓய்வெடுக்கிறேன். பத்து நாளாக அதைச் சொல்ல வாய்ப்பே அமையவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் அடுப்பை அணைத்து, நாற்காலியில் சாய்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன். நான் சும்மா உட்கார்ந்து உங்கப்பா பார்த்ததில்லை, அதுவும் புரியாத பாஷையில் முனகிக்கொண்டு. டாக்டரோடு வந்து நின்றார். நாடி பிடித்தவரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் உங்கப்பாவைத் தனியே கூப்பிட்டு, நல்லாத்தான் இருக்காங்க, அப்படியே விட்டுடுங்க என்றாராம்.

சனிக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார். வாலு ஓடினாள். என்னிடம் அந்த ஒரு தாள்தான். போனை உங்கப்பாவிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்து, கண்ணைத் திறந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். முகம் கழுவும்போது சோபாவுக்கு மேலே ஒரு தலை. தலை வாரும்போது சீப்போடு வந்தாள். நான் உட்கார அவளும் உட்கார்ந்தாள். கடைசி வரி ஜெ மெ கூஷ், படுத்துக்கொண்டேன். அவளும் தரைவிரிப்பில் படுத்துக் கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஆங்கோர்" என்றாள். என் தாளில் அது இல்லை. மாடிக்கு ஓடிக் கேட்டுவந்தேன். இன்னொரு தடவை என்று அர்த்தமாம். நாலு தடவை விழித்தேன்.

அதனால் காப்பக விண்ணப்பத்தைக் கொஞ்சம் நிறுத்தி வை கண்ணு, மறக்காதே. நேற்று உங்கப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியைத் தேடிப் படித்தார். ஜெ மெ த்ரோம்ப். நான் நினைத்தது தப்பு. கல்யாணமான நாளாக எந்த மொழியிலும் அவர் சொல்லாத வாக்கியம். உச்சரிப்பு சரியில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

மூவருக்கும் எங்கள் ஆசிகள்.

உட்கார்ந்தபடி,
உன் அம்மா